பச்சைப் பட்டனும் வெள்ளிப் பசையும்

இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிறு, காலை பத்தே கால் – டயரியில் குறித்து வைத்திருக்கிறேன். பதுளையில் ஒரு போன் ரிப்பேர் கடை. என் போனுக்கு பேட்டரி வாங்கப் போயிருந்தேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மல்லிகா தன் போனை மேசையில் வைத்தார். கொழுந்து பறிப்பவர். மகள் குவைத்தில் வீட்டு வேலை.

"தம்பி, மணி அடிக்குது. பச்சைப் பட்டனை அமுக்குனா எடுக்க மாட்டேங்குது. ரெண்டு வெள்ளிக்கிழமையா புள்ள அடிச்சு அடிச்சு ஓஞ்சு போறா!"

வெள்ளிக்கிழமைதான் மகளுக்கு லீவு. பொது டெலிபோன் பூத்திலிருந்து பேசுவாளாம். திருப்பி அழைக்க நம்பர் கிடையாது.

"அன்னைக்கே வெள்ளிப் பசை போட்டு ஒட்டித் தந்தேனேக்கா!" என்றார் கடைக்காரர். போனைக் கழற்றினார். எட்டிப் பார்த்தேன். பட்டனுக்கடியில் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு. செருப்பு ஒட்டுகிற பசை!

வெள்ளிப் பசை சாம்பல் நிறம். பொடியிலும் பொடியான வெள்ளித் துகள் – நானோ என்கிறார்கள் – அதில் கலந்திருக்கும். பசை காய்ந்து இறுகும்போதுதான் துகளும் துகளும் நெருங்கித் தொடும். தொட்டால்தான் மின்சாரம் ஓடும். சாதாரணப் பசையோ காய்ந்து இறுகியதும் மின்சாரத்தை மறித்துவிடும்.

"இதில் வெள்ளி எங்கே?" என்று கேட்டேன்.

"சேர்... வெள்ளிப் பசை காய ஒரு நாளாகும். இவங்க பஸ்ஸுக்கு அவசரப்படுவாங்க. அன்னைக்கு அமுக்கிப் பார்த்தப்ப வேலை செஞ்சுச்சே!"

"ஒரு நாளாகும் என்று இவரிடம் சொன்னீர்களா?"

"தோட்டத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் சொன்னா வெளங்குமா, சேர்?"

நான் பதில் சொல்லுமுன் மல்லிகா முந்திக்கொண்டார்.

"ஏன் வெளங்காது? பறிச்ச கொழுந்தை ராத்திரி பூரா வாடப் போடாம அரைச்சா தேத்தூள் வருமா? வராது! காயணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுட்டுப் போயிருப்பேனே, தம்பி!"

கடைக்காரர் உள்ளேயிருந்து சின்னக் குப்பியை எடுத்து வந்தார். அப்படியானால்... வெள்ளிப் பசை முதல் நாளே கடையில் இருந்திருக்கிறது! விளங்காதவர்கள் என்று யாரோ முடிவு கட்டி, அவர்களுக்கு மட்டமானதைக் கொடுப்பது போன் கடையில் மட்டும்தானா நடக்கிறது?

மல்லிகா போனைக் கடையில் விட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை அவர் தம்பி வந்து வாங்கிப்போனார்.

போன ஞாயிறு பஸ் நிலையத்தில் மல்லிகாவைக் கண்டேன்.

"மகள் பேசினாளா?"

"பேசினா சேர். எடுத்த உடனே கேட்டா – 'ஏம்மா, எம்மேல கோவமா? ரெண்டு வெள்ளிக்கிழமையும் அழுதேனே'ன்னு."

பட்டனை ஒட்டியாயிற்று. இரண்டு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் அழுததை எதை வைத்து ஒட்டுவது?