நின்றுபோன மாடலில் ஒன்று

அந்தப் பெரிய கடையில் அவரைத் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். முற்றத்தில் வைத்து இறைச்சி சுடுகிற, சக்கரம் வைத்த கேஸ் கிரில்கள் பெட்டியில் துண்டு துண்டாக வந்து இறங்கும். அவற்றைப் பூட்டி நிறுத்துவது அவர் வேலை. பதினாறு வருடப் பழக்கம், கண்ணைக் கட்டிவிட்டாலும் பூட்டிவிடுவார். ஒரே குறை, மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவர் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். பால் தீய்ந்து வீடே புகைமூட்டமானபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்த மகராசன் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வேலைக்கு மூக்கு தேவைப்படவில்லை. கடைக்குள் சிலிண்டருக்கு அனுமதி கிடையாது. டியூபில் காற்றை அடித்து, மூட்டில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி எழுகிறதா, காற்று கசிகிறதா என்று பார்ப்பார்கள். கண் இருந்தால் போதும்.

வெயில் காலத்துக்கு முன்னால் ஒரு லாரி நிறைய பழைய மாடல் வந்து இறங்கியது. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டதாம்.

"நிறுத்தினதை நாம எதுக்கு சார் வாங்குறோம்?" என்று மேனேஜரிடம் கேட்டார் திருகாணி. மேனேஜர் அவர் வயதில் பாதி, ஆனால் விவரம் இரண்டு மடங்கு.

"கைப்பிடியை மாத்தி, ஒரு விளக்கை ஒட்டி, புது மாடல்னு விடுறாங்கண்ணே. மிச்சம் நின்னதை அடைகாக்க முடியாம மொத்தமா நம்ம தலையில கட்டுறாங்க. நமக்குக் கசக்குதா? பாதி விலைன்னு போர்டு வச்சா ஜனம் அள்ளிக்கிட்டுப் போகும். வேற கடையில இந்த மாடலே இல்ல, ஒப்பிட்டுப் பாக்கவும் முடியாது."

"ஒரு பார்ட் போச்சுன்னா?"

"கிடைக்காது. திரும்ப நம்மகிட்டதான் வந்து புதுசு வாங்கணும்." மேனேஜர் கண்ணடித்துவிட்டுப் போனார்.

நாற்பது பெட்டிகள். கடைசிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே கேஸ் டியூப் இல்லை. உலகத்திலேயே அதற்கு மாற்று இல்லை. திருகாணி புது மாடலின் டியூபை எடுத்து மாட்டிப் பார்த்தார். பொருந்துவதுபோல் இருந்தது, பொருந்தவில்லை. ஸ்பேனரைப் போட்டு முறுக்கி ஒரு வழியாக உட்காரவைத்தார். நுரையில் கடுகளவு ஒரு குமிழி எழுந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அடையாளம்கூடப் போடாமல் போனார். திரும்பி வருவதற்குள் சுமைக்காரர்கள் நாற்பதையும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்ததால் எது அது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். டியூபை மாற்றிப் பூட்டியவனுக்கு அந்தக் கடையில் அன்றே சீட்டு கிழியும். அவர் வாயைத் திறக்கவில்லை. பாவி மனுஷன், மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லாம் விற்றுவிட்டதாகப் போர்டு மாட்டினார்கள். அன்று சாப்பாட்டில் கை வைத்தபோது அவருக்கு கேஸ் நாறியது.

ஓடிப்போய் வீட்டு சிலிண்டரை மூடினார். மனைவி மோந்து பார்த்தாள். "ஒண்ணும் வரலியே? உங்களுக்குத்தான் மூக்கே கிடையாதே?" என்றாள். சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையிலிருந்த சோறு அவருக்கு மணக்கவில்லை. கேஸ் மட்டும் நாறியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாங்கமுடியாமல் வெளியே இறங்கினார். இடது பக்கம் திரும்பினால் நாற்றம் குறைந்தது. வலது பக்கம் திரும்பினால் ஏறியது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல் இருந்தது. கார் கழுவிய தண்ணீர் ஓடும் தெரு, துணி காயும் மாடிகள், பிறகு ஒரு பச்சை கேட். அங்கே மூச்சு முட்டியது. உள்ளே ஒரு பெண் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா! கிரில்லைப் பத்த வைக்காதீங்க!"

"எந்த கிரில்லுங்க? அது நாளைக்குத்தானே வருது. பணம் கட்டியாச்சு, குடோன்ல இருக்காம்." அவள் முற்றத்து மூலையைக் காட்டினாள். "அந்தச் சுவரோரமாத்தான் வைக்கப் போறோம்."

அவர் பார்த்தார். சுவர் கூரைவரை கரிந்து கிடந்தது. தரையில் ஒரு சின்னச் செருப்பு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதன்மேலேயே நடந்துபோய்க் குழாயை மூடினாள்.

திருகாணி சொல்லிவிட்டார், டியூபை, குமிழியை, டீயை, எல்லாவற்றையும். அவள் முகம் வெளுத்தது. உடனே கடைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் மேனேஜரின் குரல் தேனாக ஒழுகியது.

"கேன்சல் பண்ணணுமா? தாராளமா பண்ணுங்க மேடம். கடைசி பீஸ் ஒண்ணு கிடைக்காதான்னு இங்கயே ஒருத்தர் குடும்பத்தோட வந்து நிக்கிறார். இப்பவே வண்டியில ஏத்திடறோம்."

எதிரே சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. தரையில் செருப்பு இல்லை. நாற்றம் மட்டும் போகவில்லை. அது வேறு ஏதோ தெருப்பக்கமிருந்து வரத் தொடங்கியிருந்தது.

அவர் போனைப் பிடுங்கினார். "சார், நான் திருகாணி பேசுறேன். அதை ஏத்தாதீங்க. அதுல வேற டியூபைப் போட்டுப் பூட்டினது நான்தான். தெரிஞ்சேதான் பண்ணினேன்."

அந்தப் பக்கம் மேனேஜர் யாரையோ பார்த்துக் கத்தினார். "ஏய், இறக்கு! இறக்குங்கறேன்ல!" இரும்பு தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

"சரி சார்," என்றார் திருகாணி. வாழ்க்கையில் வேறெதற்கும் அவர் அவ்வளவு நிம்மதியாகச் சரி சொன்னதில்லை.