பூமாலையின் லேண்ட்மாஸ்டர்

கொளஞ்சியப்பன் வீட்டு டிரைவர் பூமாலை என்றால் கச்சிராயபாளையத்தில் தெரியாதவர்கள் கிடையாது. காரை ஓட்டிய நேரத்தைவிட காருக்குத் தண்ணீர் காட்டிய நேரம்தான் ஜாஸ்தி என்று அவனைக் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? அந்தத் தண்ணீருக்குப் பின்னால் அவன் எதை நம்பி ஓடினான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அது ஐம்பத்து நாலாம் வருஷத்து லேண்ட்மாஸ்டர். கறுப்பு வண்டி, உருண்டை மூக்கு. கொளஞ்சியப்பனின் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற கரும்புக்காடு, கரியாலூருக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு தோட்டம், இந்தக் கார், மூன்றையும் வைத்துத்தான் கொளஞ்சியப்பன் ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பூமாலை அவருடைய குத்தகைக்காரனின் மகன். கரும்பு லாரியில் கிளீனராகத் திரிந்து ஓட்டப் பழகியவன். இரண்டு பேரும் ஒரே சாதிதான். ஆனாலும் பூமாலைக்குச் சோறு மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் வரும். சாதி ஒன்று என்பதெல்லாம் மேடையில் பேசுவதற்கு.

கொளஞ்சியப்பனின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களை ஒரு நாள் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அருவி காட்டுகிறேன் என்று கொளஞ்சியப்பன் ஜம்பமாகக் கிளம்பினார். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே கார் கொதித்து நின்றுவிட்டது. பானெட்டுக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் இறங்கி வெயிலில் நடந்தார்கள். சம்பந்தி வீட்டுக் கிழவர் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கார்ல போலாம்னு சொன்னாங்க, காரை நாம கூட்டிக்கினு போறாப்பல இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொளஞ்சியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து பூமாலையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

மலைக்குத் தண்ணீர் எடுத்து வராததற்கு அறை என்றால்கூடப் பரவாயில்லை. இரண்டு குடம் தண்ணீரும் டிக்கியில்தான் இருந்தது. சூடான இன்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும், கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தான். 

சாயங்காலம் கோபம் தணிந்ததும் கொளஞ்சியப்பன் அவனைக் கூப்பிட்டார். "இத பாரு பூமாலை. இந்த வண்டி கொதிக்காம கரியாலூர் ஏறணும். ஏற வெச்சின்னா, நான் புதுசு வாங்கற அன்னிக்கு இது உனக்குத்தான். டாக்சியா ஓட்டிப் பொழச்சிக்க" என்றார். திண்டாடிக்கொண்டிருந்தவன் காதில் அது பால் வார்த்த மாதிரி விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது அவனைச் சனியன்.

மறுவாரமே ரேடியேட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனான். அங்கே ஷேக் மைதீன் ரேடியேட்டர் பத்தவைக்கும் கடை வைத்திருந்தார். மேல்தொட்டியைப் பிரித்து உள்ளே பார்த்த ஷேக் மைதீன், "இன்னா பூமாலை, ரேடியேட்டர கொண்டாந்தியா, உப்பு மூட்டைய கொண்டாந்தியா?" என்று கேட்டார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு முழுக்க உள்குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்திருந்தது. பாதிக் குழாய்களில் ஊசிகூட நுழையவில்லை.

"உள்ள இருக்கறத தூக்கிப் போட்டுட்டு, குழாய் வரிசை ஒண்ணு ஜாஸ்தி வெச்சி வேற கட்டலாம். மலைக்கு அதான் தாங்கும்" என்றார்.

"கட்டுங்க பாய். எது பண்ணா கொதிக்காதோ அதெல்லாம் பண்ணுங்க."

ரேடியேட்டர் தடித்தது. நாலு இறக்கை விசிறி போய் ஆறு இறக்கை விசிறி வந்தது. விசிறி இழுக்கிற காற்று பக்கவாட்டில் ஓடிப் போகாமலிருக்க மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வளைத்து ஒரு கூடு செய்து மாட்டினான். ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் பம்ப்பை மாற்றினான். ரப்பர் ஓசுகளைப் புதிதாகப் போட்டான். முதலாளி கொடுத்தது போதவில்லை. மீதிக்குச் சின்னப்பொண்ணு கரும்பு வெட்டிய கூலி போனது. சின்னப்பொண்ணு அவன் பெண்டாட்டி. வாய்க்காரி, ஆனால் கேட்டால் இல்லை என்னாமல் கொடுத்துவிடுவாள்.

கார் ஏறியது. கரியாலூர் வரைக்கும் ஒரு மூச்சில் ஏறியது. கொளஞ்சியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரை மலைக்கு அழைத்துப் போனாலும் மேலே போனதும் காரை நிறுத்தச் சொல்வார். பூமாலை பானெட்டைத் தூக்கி, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே தண்ணீர் பொங்காமல் கிடக்கும். "பாத்தீங்களா? எங்கப்பன் வாங்குன வண்டி" என்பார். பூமாலையின் முதுகைத் தட்டி, "இவனுக்குத்தான் குடுக்கப்போறேன்" என்றும் சேர்த்துச் சொல்வார். வந்தவர்கள், எப்பேர்ப்பட்ட மனசு உங்களுக்கு என்பார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காக பூமாலை நாய் மாதிரி உழைத்தான். இனிமேல் வண்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது என்று வைத்துக்கொண்டான். மலைக்குப் போகும்போதெல்லாம் ஓடைத் தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டிக் கேனில் பிடித்து வருவான். கோடையில் ஓடை வற்றினால் சைக்கிளில் அணைக்கு ஓடுவான். மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை ஓரத்தில் அண்டா வைத்துப் பிடிப்பான். சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கழுவிக் கொட்டுவான். வீட்டில் சின்னப்பொண்ணும் மகள் விஜயலட்சுமியும் குடித்தது அதே உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான்.

"காருக்கு நல்ல தண்ணி, எங்களுக்கு உப்புத் தண்ணியா? நாங்க இன்னா உனக்கு ரேடியேட்டர விட கம்மியாய்யா?" என்று ஒரு நாள் சின்னப்பொண்ணு குடத்தைத் தூக்கி எறிந்தாள்.

"கொஞ்ச நாளு பொறுத்துக்க சின்னப்பொண்ணு. நம்ப வண்டியாயிடுச்சின்னா அப்பறம் பாரு" என்றான். தியாகதுருகத்தில் ஒரு பஸ் முதலாளி அவனை நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார். போகவில்லை. போனால் கார் வேறு யார் கைக்காவது போய்விடும். சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அடித்துக்கொண்டதில் தப்பே கிடையாது.

வருஷங்கள் போயின. ஒரு தடவை மேல்தொட்டி ஓட்டையாகி மறுபடி ஷேக் மைதீன் கடைக்குப் போனது. பத்தவைத்து முடித்த கையோடு அவர், "ஈயம் மிச்சம் இருக்குது. பேரு எதுனா எழுதட்டா? லாரிக்காரங்கல்லாம் எழுதிக்கினு போறாங்க" என்றார்.  பூமாலை வெட்கப்பட்டுக்கொண்டே, "விஜயலட்சுமின்னு எழுதுங்க பாய்" என்றான். பித்தளைத் தொட்டியின் மேல் மகளுடைய பெயர் பளபளவென்று வந்தது. எவ்வளவு சந்தோஷம் அவனுக்கு! வாழ்க்கையில் அவன் செய்த ஒரே திமிரான காரியம் அதுதான். அதற்கே அவனை விட்டுவைக்கவில்லை.

எண்பத்தேழு ஆவணியில் கொளஞ்சியப்பன் சில பெரிய மனிதர்களை மலைக்கு அழைத்துப் போனார். புதுக் காருக்கு முன்பணம் கட்டியிருந்த சமயம். வழக்கம்போலப் பானெட் திறந்தது. வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, "யாருங்க விஜயலட்சுமி? உங்க பொண்ணா?" என்று கேட்டார்.

"டிரைவர் பொண்ணு" என்றார் கொளஞ்சியப்பன்.

"அப்ப வண்டி யாருது? அவரு வண்டியில நீங்க தொத்திக்கினு வர்றீங்களா?"

மலையே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். பூமாலை பானெட்டை மெதுவாக மூடினான். கன்னத்தில் அறை விழும் என்று எதிர்பார்த்தான். விழவில்லை. கொளஞ்சியப்பன் அன்றைக்கு அவன் முதுகைத் தட்டவும் இல்லை. அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீடு கேட்டு இவர்களுடைய சாதிச் சங்கம் அறிவித்த ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. ஊர் ஊராக மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். தியாகதுருகம் பக்கம் போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை. பஸ் நின்றது, பால் நின்றது. பூமாலையும் முதல் நாளே அரிவாளோடு போய் மரம் வெட்டினான். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. விஜயலட்சுமி எட்டாவது படிக்கிறாள், அவளாவது ஒரு ஆபீசில் நாற்காலி போட்டு உட்காரட்டும் என்று நிஜமாகவே நினைத்துப் போனான். அதுவரை சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத கொளஞ்சியப்பனும் கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து, துவைத்த வேட்டியோடு வந்து முன்னால் நின்றுகொண்டார்.

ஊருக்கு வெளியே சின்னப் பாலம் ஒன்று இருந்தது. அதன் அருகில் மரம் இல்லை. எதைப் போட்டு மறிப்பது என்று பேச்சு வந்தது. கட்டைவண்டியைக் கவிழ்க்கலாம் என்றார்கள் சிலர். கொளஞ்சியப்பன் கையைத் தூக்கினார். "என் காரை நிறுத்துங்க. சாதிக்கு இல்லாத காரு எனக்கு எதுக்கு?" என்றார். கூட்டம் கைதட்டியது.

பூமாலை காரைக் கொண்டுவந்து பாலத்தின் குறுக்கே நிறுத்தினான். மறியல் முடிந்தால் எடுத்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அப்போது சுபாஷ் என்கிற பையன், "போலீஸ் வந்தா ஓட்டிக்கினு போயிடுவாங்களே" என்று கேட்டான்.

"ஓட முடியாதபடி பண்ணிடலாம்" என்றார் கொளஞ்சியப்பன். "பூமாலை, தண்ணிய எறக்கு."

பூமாலைக்கு முதலில் புரியவில்லை.

"ரேடியேட்டர்ல இருக்கற தண்ணிய எறக்குடா. எறக்கிட்டு ஸ்டார்ட் பண்ணி மிதி. இன்ஜின் ஜாம் ஆவற வரிக்கும் மிதி."

"வேணாங்க மொதலாளி. டயர்ல காத்த எறக்கிடறேங்க. பேட்டரிய கழட்டிக்கினு போயிடறேங்க. இன்ஜின் போச்சின்னா போனதுதாங்க" என்றான் பூமாலை.  "நான் வேணா டயருக்கு முன்னால படுத்துக்கறேங்க."

"யாருக்குடா போராடறோம்? உன் பொண்ணு படிச்சி வேலைக்கிப் போவறதுக்குத்தானே? ஒரு ஓட்ட வண்டிக்கி அழுவுற" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கூட்டத்தில் யாரோ, "துரோகிப் பய" என்றார்கள். கொளஞ்சியப்பன் கிட்டே வந்து குனிந்தார். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பேரு எழுதற அளவுக்கு வந்துட்ட இல்ல?" என்றார்.

பூமாலைக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மறியலும் இல்லை, போலீசும் இல்லை, இது வேறு கணக்கு.

என்ன செய்வான்? முந்நூறு பேர் சுற்றி நிற்கிறார்கள். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தான். மலை ஓடையிலிருந்து வடிகட்டிக் கொண்டுவந்த தண்ணீர் பாலத்தில் ஓடி மண்ணில் இறங்கியது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது, அவ்வளவு நன்றாக வைத்திருந்தான். மிதித்தான். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் கருகும் வாசனை வந்தது. பிறகு ரப்பர் தீய்ந்தது. கால் தானாகத் தளர்ந்தபோது கொளஞ்சியப்பன் ஜன்னலில் தட்டி, "மிதி, மிதி" என்றார். இன்ஜின் கரகரத்தது, திணறியது, இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கார் முழுக்க உலுக்கி நின்றது. ஜனங்கள் விசில் அடித்தார்கள். பூமாலை ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

மறுநாள் போலீஸ் வந்தது. கூட்டம் பாதி ஓடிவிட்டது. பூமாலை மட்டும் காரைவிட்டு நகரவில்லை. நாலு போலீஸ்காரர்கள் நியூட்ரலில் போட்டுத் தள்ளினார்கள். கார் லேசாக உருண்டு வாய்க்காலில் இறங்கியது. அவ்வளவுதான் அந்த மறியல்.

"யார் வண்டி இது?" என்று கேட்டார் வந்திருந்த அதிகாரி.

கொளஞ்சியப்பன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இவனுதுங்க. பேர்தான் இன்னும் மாத்தல, நான் இவனுக்குக் குடுத்து ரொம்ப நாளாச்சி. ஊருக்கே தெரியும், யார வேணா கேளுங்க" என்றார். ஊருக்குத் தெரியும்தான். மலைமேல் ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அதிகாரி பூமாலையைப் பார்த்தார். "உன் வண்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி. ஆனால் இல்லை என்று ஒரு தடவை தன் வாயால் சொல்லிவிட்டால் அந்தச் செத்த வண்டிகூடக் கிடைக்காது என்று அவனுக்குத் தோன்றியது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்கலாம், எப்படியாவது உயிர் கொடுத்துவிடலாம் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டான்.

"என்னுதுதாங்க" என்றான்.

வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்னப்பொண்ணு கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில் போய் நின்று, ஜாமீனுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லி மன்றாடினாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "காரைத் தரேன்னு சொன்னேன், தந்துட்டேன். சொன்ன சொல்லு தவற மாட்டேன் நானு. இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று கேட்டார். அவள் அவர் வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

பூமாலை வெளியே வருவதற்குள் புதுக் கார் வந்துவிட்டது, அதற்குப் புது டிரைவரும் வந்துவிட்டான். வாய்க்காலில் கிடந்த லேண்ட்மாஸ்டரில் பித்தளையாக இருந்ததையெல்லாம் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். பொதுச்சாலையில் வாகனத்தை நிறுத்தி மறித்ததாகப் போட்ட வழக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

முதல் வாய்தாவுக்குச் சின்னப்பொண்ணும் கூட வந்தாள். இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். டவாலி வாசலுக்கு வந்து, "வாகன உரிமையாளர் பூமாலை" என்று கூப்பிட்டார். பூமாலை அசையாமல் இருந்தான். இரண்டாம் தரம் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தான். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது சின்னப்பொண்ணு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்து போய்யா, உன்னத்தான் கூப்புடறாங்க" என்றாள்.