அன்னக்கொடியின் சாம்பல் லோடு

சாம்பல் லாரி வந்து நின்றால் அன்னக்கொடி டிரைவரை 'வாங்க' என்றுகூடச் சொல்லமாட்டார். நேரே பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கி, ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவே தேய்ப்பார். முகப்பவுடர் மாதிரி வழுக்கினால் சரி. நறநறத்தால் தீர்ந்தது! "இத ஒங்க முதலாளி வீட்டுல பாத்திரம் வெளக்கக் குடு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வாடிப்பட்டிக்கு மேற்கே அவருடைய கல் பட்டறை. மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலோடு சிமெண்டும் மணலும் கலந்து செங்கல் அச்சடிக்கிறார்கள். எட்டுப் பெண்களுக்கு அங்கேதான் பிழைப்பு. அன்னக்கொடிக்கு வயது ஐம்பத்திரண்டு. தலையில் நரை எது, சாம்பல் எது என்று கண்டுபிடிக்க முடியாது, அவரும் சொல்லமாட்டார்.

கரண்டு பில்லுக்குப் பயந்து போன வருஷம் கூரையில் சோலார் தகடு போட்டார். மாட்ட வந்த செல்லூர் முகமது ஆசிப், "சாம்பல் பறக்குற எடம்மா, அங்கிட்டுத் தள்ளிப் போடுவோம்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். அன்னக்கொடி கேட்டால்தானே! கலவை இயந்திரத்துக்கு நேர் மேலேதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இப்போது தினமும் காலையில் ஏணியேறித் தகட்டைத் துடைக்கிறார், ஆசிப்பைத் திட்டிக்கொண்டே.

போன செவ்வாய்க்கிழமை லோடு இறக்கிய கையோடு, டிரைவர் முத்துப்பாண்டி டீ கிளாஸை வாங்கிக்கொண்டு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"யக்கா, இந்த மாசத்தோட லோடு கெடையாது. கரண்டு எடுக்குற அந்தப் பழைய யூனிட்ட மூடுறாக."

"எதுக்குய்யா?"

"அம்புட்டுக் கரியத் தின்னுட்டு இம்புட்டுக் கரண்டுதான் குடுக்குது. புகையச் சுத்தம் பண்ற மிசினு மாட்டணுமாம், அந்தச் செலவு கட்டுபடியாகாதாம். பகல்ல வேற சோலார் கரண்டு சல்லிசா வந்துருது. இத யாரு சீண்டுறா?"

அன்னக்கொடி நிமிர்ந்து தன் கூரையைப் பார்த்தார்.

"அடப்பாவி! அப்ப நானும் சேந்துல்ல மூடிருக்கேன்!"

அச்சடித்துக்கொண்டிருந்த முத்துத்தாய் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். அன்னக்கொடியும் சிரித்தார். ஆனால் சாம்பல் இல்லாவிட்டால் பட்டறை ஏது? எட்டுப் பேரும் எங்கே போவார்கள்?

கலக்கமெல்லாம் அவருக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்தான்.

"ஏய்யா, இத்தன வருசம் எரிச்ச சாம்பல எங்க கொட்டுனாக?"

"பின்னாடி கம்மாய் கணக்காக் கெடக்கு. ஆனா நறநறன்னு இருக்கும், நீங்க தொடமாட்டீக."

"சலிச்சா தொடுறேன். அத அள்ள யாரும் இருக்காகளா?"

"ஆள் தேடுறாக. அங்கன ஆபீஸ்ல போயி எழுதிக் குடுக்கணும். திண்டுக்கல் பட்டறை ஆளுக நாளைக்குப் போறாகளாம்."

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்னக்கொடி பட்டறைச் சாவியை முத்துத்தாய் கையில் திணித்தார். மாற்றுச் சேலையைப் பற்றிய நினைப்பே இல்லை. விறுவிறுவென்று போய் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"யக்கா, நாலு மணி நேரப் பயணம்! நான் இன்னும் டீயே குடிக்கல!"

அன்னக்கொடி டிரைவர் சீட்டுப் பக்கம் எட்டி, ஹாரனில் கையை வைத்து அமுக்கினார். எடுக்கவே இல்லை.