கூட்டத்தில் இல்லாதவர்

லியாண்ட்ரோ அபோதாக்காவை நாங்கள் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாகத் தேர்ந்தெடுத்தது அவர் தன் அம்மாவை அடக்கம் செய்த அன்று. டிசம்பர் மாத வாய்க்கால் கூட்டமும் அதே நாளில் வந்துவிட்டதால் அவரால் போக முடியவில்லை. எங்கள் வாய்க்காலில் அது எழுதாத சட்டம்: கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவோம். வந்தவன் வாயைத் திறந்து மறுத்துவிடுவான், வராதவனுக்கு ஏது வாய்? சாயங்காலம் இரண்டு பேர் மதகுச் சாவியோடு துக்க வீட்டுக்குப் போனார்கள். நல்ல மனிதர், வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து மண்வெட்டி அவர் கையை விட்டு இறங்கவில்லை. பகலில் சாண்டா ஃபே சட்டமன்றத்தின் வட்டக் கட்டடத்தில் தரை துடைத்தார். மாலையில் வாய்க்கால். பனி உருகும் முன்னே தூர்வார ஆள் திரட்ட வேண்டும், மதகைத் திறக்க வேண்டும், முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும், முறை தப்பியவனிடம் திட்டு வாங்க வேண்டும். மலையில் பனி பொய்த்த வருடங்களில், அணையில் திறந்த தண்ணீர் எங்கள் மண்ணை நனைக்கும் முன்பே நின்றுபோகும். அதற்கும் லியாண்ட்ரோதான் காரணம் என்போம்.

மிளகாயும் சோளமும் போட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் டெக்சாஸ்காரர்கள். சாண்டா ஃபேயில் எந்த வீடும் மண் வீடாகத் தெரிய வேண்டும் என்பது நகர விதி என்பதால் சிமெண்டுக்கு மண் நிறம் பூசிக்கொண்டார்கள். வாய்க்காலைப் பார்த்தால் படம் பிடிப்பார்கள், தூர்வாரக் கூப்பிட்டால் முதுகு வலி என்பார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாய்க்கால் சங்கத் தலைவர் டெல்பினோ லியாண்ட்ரோவுக்குச் சொந்த மச்சான், மனைவி செல்சாவின் அண்ணன். ஊர் கண்ணை மூடியதும் மதகைத் தூக்கித் தண்ணீர் திருடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் மறுப்பார், நாங்கள் கெஞ்சியதும் இணங்கிவிடுவார். இந்த டிசம்பரில் லியாண்ட்ரோ ஒரு முடிவோடு இருந்தார். செல்சாவின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர். இந்த மலை உயரத்தின் மெலிந்த காற்று இனி ஆகாது, கீழே இறங்குங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழே ஆல்பகர்க்கியில் மகள் பெர்னதெத் அறையைத் தயார் செய்து வைத்திருந்தாள். மதகுச் சாவியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்பே கிளம்பலாம். வாய்க்காலை அநாதையாக விட்டுப் போனவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், அவருக்கும் அலுத்துவிட்டது. காலையில் எழுந்தால் தோள்பட்டையைத் தூக்கவே ஒரு கோப்பை காபி தேவைப்பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "செல்சாவுக்காக" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் வழக்கம்போல மாதா கோவில் கூடத்தில் நடந்தது. சிவப்பு மிளகாய் போட்ட சோளக் கஞ்சியிலிருந்து ஆவி பறந்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லியாண்ட்ரோ முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் செல்சா.

"அடுத்து நீர்க்கட்டி," என்றார் டெல்பினோ.

லியாண்ட்ரோ எழுந்தார். "இந்த வருஷம் நான் இல்லப்பா. வேற ஆளப் பாருங்க."

"வருஷா வருஷம் இதே பாட்டுதான் மாப்ளே. ராகத்தையாவது மாத்து."

"உன் தங்கச்சி மூச்சு வாங்குறது உன் காதுல விழலையா மச்சான்? திருட்டுத் தண்ணி ஓடுற சத்தம் மட்டும்தான் விழுமா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டெல்பினோ முகம் சுண்டிப்போனது. அந்த நேரம் பார்த்துச் செல்சா கணவரின் சட்டையை இழுத்தாள்.

"கிழவா, சிலிண்டர் தீரப்போகுது. வண்டில இன்னொண்ணு இருக்குல்ல, எடுத்துட்டு வந்துடேன்."

அவர் பதறிக்கொண்டு ஓடினார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. வண்டிக் கதவு உறைந்துபோய்த் திறக்க மறுத்தது. ஒருவழியாகச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். கைதட்டினார்கள்.

"வாழ்த்துகள் மாப்ளே," என்றார் டெல்பினோ. "நீ கூட்டத்துல இல்லையே!"

"என்னய்யா விளையாடுறீங்களா? யாரு என் பேரச் சொன்னது?"

எல்லோரும் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்தார்கள்.

"நான்தான்," என்றாள் செல்சா.

அவர் குனிந்து அவள் காலடியில் இருந்த சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வண்டியில் ஏற்றினார். தன் பக்கக் கதவைக் கோபத்தோடு அறைந்து சாத்தினார்.

"கீழ போனா உனக்கு மூச்சு வரும்டி. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

"வரும். வந்து? பெர்னதெத் வீட்டு சோபால உக்காந்து மூச்சு மட்டும் விட்டுட்டு இருக்கவா? என் ஆளுங்க எல்லாரும் இங்க மண்ணுக்குள்ள இருக்காங்க."

"எனக்கும் முடியல செல்சா. கையத் தூக்க முடியல. சத்தியமா முடியல."

"தெரியும். எப்பவோ தெரியும். அலுப்பு உன்னோடது. அதுக்கு என் நுரையீரலச் சாக்கு சொல்லிட்டுத் திரியிற."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப." அவள் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வசந்த காலம் வரைக்கும்தான் கிழவா. இந்தத் தடவ தண்ணி வர்றத வாசல்ல உக்காந்து பாத்துடறேன். அதுக்கப்புறம் சாவிய அண்ணன் மூஞ்சில எறிஞ்சிட்டு மக வீட்டுக்குப் போயிடு."

போயிடு என்றாள். அந்தப் பயணத்தில் அவள் தன்னைச் சேர்க்கவில்லை என்பது அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பனி விழுந்து முழுதாக மூடும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"பெர்னதெத்கிட்ட யாரு சொல்றது?" என்றார் கடைசியில்.

"நீதான் சொல்லணும். நீர்க்கட்டியாச்சே, திட்டு வாங்கிப் பழகினவன்."