காதுக்குப் பின்னே ஒரு குழாய்

எங்கள் தையல் கூடத்தில் ஆளுக்கொரு பாகம். நான் சட்டைக் கை தைப்பேன், பக்கத்து மிஷின்காரி காலர். அவளுக்குப் பேரே காலர் என்று விழுந்துவிட்டது. வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள், சூப்பர்வைசரையே ஒரு வார்த்தையில் உட்கார வைப்பாள். வீட்டில்தான் அவள் வாயைக் கட்டிப் போட்டார்கள்.

அவள் மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே மூளைக்காய்ச்சல் வந்து, பிழைத்தது. அதன்பிறகு சட்டைகள் தலையில் நுழையாமல் மாட்டிக்கொண்டன. வேறு வீடாக இருந்தால் குழந்தையைப் பார்த்திருப்பார்கள். தையல்காரிகள் நாங்கள் சட்டையைப் பார்த்தோம். கழுத்தை வெட்டி அகலமாக்கினோம், அதுவும் பற்றாமல் மறுபடியும் வெட்டினோம். தடுப்பூசி போடுகிற நர்ஸ்தான் உச்சி புடைத்திருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டினாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைக்குள் எப்போதும் நீர் சுரந்து வடிந்துகொண்டிருக்கும். இவளுக்குக் காய்ச்சல் அந்த வழியை அடைத்துவிட்டது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அடைப்பு, குறைமாதத்தில் பிறந்த சிலதுகளுக்கு உள்ளே ரத்தம் கசிந்து அடைப்பு. தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் வைத்தால் நீர் இறங்கிவிடும். அப்படி வைத்து நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம். தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம் என்றால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லாரி ஓட்டுகிற அவள் புருஷன் வெளியே வந்து சொன்னது ஒன்றுதான்.

"இந்தக் குழாய் சமாச்சாரம் யாருக்கும் தெரியக் கூடாது. பொட்டப்புள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்?"

தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடிய மகராசன்! மாமியார் கூடவே ஒத்து ஊதினாள். காதுக்குப் பின்னால் குழாயின் தடிப்பு தெரியாதபடி முடி வளர்த்துப் பின்னல் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மூச்சு விடவில்லை.

பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தது. கணக்கில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. இரண்டாம் வகுப்பில் ஒருநாள் தலை வலிக்கிறது என்றது. வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சாக்கு என்று டீச்சர் வெளியே நிறுத்தினாள். வாந்தி எடுத்தது. கண்டதைத் தின்றிருப்பாய் என்றாள். பெஞ்சில் சாய்ந்து தூங்கியது. தொல்லை விட்டது என்று இருந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு எழுப்பியபோது பிள்ளை எழவில்லை. அந்த டீச்சரைத் திட்ட எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரியாது, தெரிய விடவில்லை. என் வயிறு எரிவதெல்லாம் தெரிந்தே மறைத்தவர்கள் மேல்.

ஆஸ்பத்திரியில் அடைத்த குழாயை மாற்றினார்கள். உயிர் தங்கியது. உள்ளே ஏறிய அழுத்தத்தில் பார்வை போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், இனி அவ்வளவுதான் என்றார் டாக்டர். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்று நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். மொட்டைத் தலையும் தையலும் மறைய, புருஷன் ஒரு குல்லாய் வாங்கி வந்திருந்தான்.

"யாராச்சும் கேட்டா பேனுக்காக மொட்டை போட்டோம்னு சொல்லு."

அறைந்திருப்பேன், கையில் பை இருந்தது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். "வெயில்ல எதுக்கும்மா பிள்ளைக்குக் குல்லா?"

புருஷன் வாயைத் திறப்பதற்குள் காலர் அதைக் கழற்றினாள்.

"மூளையில தண்ணி சேர்ற வியாதிங்க. இங்க பாருங்க, காதுக்குப் பின்னால குழாய். அடைச்சா வாந்தி வரும், தூங்கிட்டே இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இவங்க வெளிய சொல்ல விடல. புள்ளைக்குக் கண்ணு போயிடுச்சு."

பஸ் முழுக்கக் கேட்டது.

"மெதுவாப் பேசுடி, மானம் போகுது" என்றான் அவன்.

மகள் அம்மாவின் முந்தானையைத் தேடிப் பிடித்தாள்.

"அம்மா, எல்லாரும் என்னையப் பாக்குறாங்களா?"

"பாக்குறாங்கடி. நல்லாப் பாக்கட்டும்."