அடி காட்டும் கண்ணாடி

தெய்வசிகாமணிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வைத்திக்குப்பத்தில், மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, கட்டுமரத்தில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுக்கிற ஆள். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. பதினெட்டு வயதில் ஒரு போட்டோ கடைக்குக் கண்ணாடி பிளேட் கழுவப் போனான். கழுவின கையோடு படம் பிடிக்கவும் பழகி, கடைசியில் நெல்லித்தோப்பில் சொந்தமாக ஸ்டூடியோவே வைத்துவிட்டான். ஆனாலும் ஊருக்குப் போனால், 'வாந்தி வந்துட்டாம்பா' என்றுதான் வரவேற்பு.

மனைவி ரஞ்சிதம் அதே குப்பத்துப் பெண். தாயும் தகப்பனும் போனபிறகு தன் தம்பி பாலகுருவை அவள்தான் வளர்த்தாள். அவனுக்குக் கடலை விட்டால் வேறொன்றும் தெரியாது. 'கடலப் பாத்து ஓடியாந்த ஆளு எங்க மாமா' என்று அக்காள் புருஷனைக் கேலி செய்வான். கேலி முடிந்ததும் கூடையில் கொண்டுவந்த வஞ்சிரத்தை அடுப்படியில் வைத்துவிட்டுப் போவான்.

ஐம்பத்து நாலில் கொடி மாறி, பிரெஞ்சுக்காரர்கள் பெட்டி கட்டியபோது, கடைசியாகக் குடும்பப் படம் எடுத்துக்கொண்ட முசே ஒருவர், போகிற போக்கில் தெய்வசிகாமணியின் கையில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கொடுத்தார். புகை படிந்த மாதிரி நிறம். பொலாரிசான் என்று பெயர் சொன்னார். லென்ஸுக்கு முன்னால் மாட்டித் திருகினால் தண்ணீரின் பளபளப்பு அடங்கிவிடும்; அடியில் கிடப்பது தெரியும். 'இது சின்னது. புதிதாக வாங்கினால் உன்னிடம் இருக்கிற பெரிய லென்ஸுக்கு வாங்கு. சின்ன லென்ஸுகளுக்கு வளையம் போட்டுச் சமாளிக்கலாம். தலைகீழாக, சின்னதைப் பெரிய லென்ஸில் மட்டும் மாட்டிவிடாதே' என்றும் சொன்னார். தெய்வசிகாமணி, 'உய், முசே' என்று தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனுக்கு ஒருநாளும் குறைச்சல் கிடையாது.

கண்ணாடி கைக்கு வந்த வாரமே அதைக் குப்பத்துக்குக் கொண்டுபோனான். அலை விட்டுப்போன குட்டைக்கு முன்னால் குந்தி, ஒவ்வொருவர் கண்ணிலும் அதை வைத்துத் திருகிக் காட்டினான். வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று இல்லாமல் போனது. உள்ளே ஒரு நண்டு, ஒரு அறுந்த வலைத்துண்டு, செத்த மீன் ஒன்றின் வாய். பாலகுரு சிரித்தான். அவனுடைய கூட்டாளி கன்னியப்பன், ஊரிலேயே வாய் ஓயாதவன், நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னா கன்னியப்பா?"

"மேல மூடியிருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கும்ணா. அத்த எதுக்குத் தொறந்து பாக்கணும்?"

அன்றிலிருந்து ஊரில் அதற்கு 'அடி காட்டுற கண்ணாடி' என்று பெயர் விழுந்தது. தெய்வசிகாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவனிடம் மூன்று கேமரா. இரண்டின் லென்ஸுகள் சின்னவை. கண்ணாடி அவற்றைவிடக் கொஞ்சம் பெரியது. அதே தெருவில் லேத்துப் பட்டறை வைத்திருந்த தணிகாசலம் பித்தளையில் இரண்டு வளையம் கடைந்து கொடுத்தான். கண்ணாடி இரண்டிலும் கச்சிதமாக உட்கார்ந்தது, படமும் நன்றாக வந்தது. மூன்றாவது, பெரிய மரப்பெட்டிக் கேமரா. அதன் லென்ஸ் கண்ணாடியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். தணிகாசலம் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பெரிய சன்னல்ல சின்ன ஓட்டைய வெச்சி அடைக்கிறியேப்பா. ஓரம் தெரியுமா?"

"நீ கடைஞ்சி குடு. படம் எடுக்கறது என் வேல."

முசே சொன்னது அவனுக்கு மறந்துபோகவில்லை. மறந்திருந்தால் மன்னித்துவிடலாம். பெரிய கண்ணாடி ஊரில் எங்கும் கிடைக்கவில்லை, கேலி செய்த ஊருக்கு முன்னால் பெரிய கேமராவில் கடலைப் பிடித்துக் காட்ட ஆசை, அவ்வளவுதான்.

ஐம்பத்தேழு மாசியில் குப்பத்தில் ஒன்பது பேர் பங்கு சேர்ந்து பெரிய வலைக்குப் புதுப் படகு கட்டினார்கள். மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் முடிந்து, படகுக்கு முன்னால் ஒன்பது பேரும் தோளில் கை போட்டு நின்றார்கள். இடது கோடியில் கன்னியப்பன், வலது கோடியில் பாலகுரு. பின்னால் கடல், உச்சி வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தெய்வசிகாமணி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். ஓரங்கள் மங்கலாகத்தான் இருந்தன. புகை நிறக் கண்ணாடி, மங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டான். பிறகு படம் கூர்மையாக வரவேண்டுமென்று லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கினான். மங்கலாக இருந்த ஓரம் அந்த நொடியில் முழு இருட்டாகியிருக்கும். மறுபடி துணிக்குள் போய்ப் பார்க்காமல், லென்ஸின் மூடியை ஒரு நொடி கழற்றி, படம் பதிந்ததும் மாட்டினான்.

படம் வந்தது. கடல் அப்படியொரு கடல். மணலின் வரி வரை தெரிந்தது. ஆனால் நான்கு மூலையிலும் கரி அப்பியிருந்தது. கன்னியப்பனும் பாலகுருவும் அந்தக் கரிக்குள் நின்றார்கள். பக்கத்து ஆளின் தோள்மேல் கிடந்த கைகள் தெரிந்தன. முகங்கள் இல்லை.

ஊர்த் தலைவர் நாட்டார் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவனுங்க ரெண்டு பேருக்கு மட்டும் இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

'என் வளையம் சரியில்லை' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் நாலு நாள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். வாந்தி என்று பெயர் வாங்கினவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"மேகம் மறைச்சிடுச்சுங்க" என்றான்.

அந்தப் பொய்யை யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? வானத்தைப் பார்த்தே பிழைக்கிறவர்கள். என்றைக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பியது, எந்த மூலையில் மேகம் கட்டியது என்று போன வருஷத்துக் கணக்கையே வாயில் வைத்திருப்பவர்கள். அன்றைக்கு மேகம் இல்லை என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நாட்டார் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

படம் எடுத்த இருபத்திரண்டாம் நாள் கன்னியப்பன் கட்டுமரத்தில் தனியாகப் போனான். மறுநாள் கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது.

அதன்பிறகு எவரும் எவருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அது தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டுகிற கண்ணாடி. மேகமே இல்லாத நாளில் இரண்டு பேர்மேல் மட்டும் நிழலைக் காட்டியிருக்கிறது. ஒருவன் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்னொருவன் பாக்கி.

பாலகுருவை யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. அவன் வந்தால் படகு கிளம்பாது, அவ்வளவுதான். அவன் உட்கார்ந்த கட்டுமரத்தில் இன்னொருவன் ஏறமாட்டான். பெண்கள் அவனிடம் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்கள். ஆறு மாதத்தில் அவன் ஆலையில் பஞ்சு மூட்டை தூக்கப் போனான், இரும ஆரம்பித்தான், பிறகு சாராயக் கடையில் கிடந்தான். நெல்லித்தோப்புக்கு வந்தால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"சீக்கிரம் வந்துட்டா தேவலாம் மாமா. எதிர்பாத்துக்கினே இருக்கறதுதான் முடியல" என்று ஒருநாள் சொன்னான். ரஞ்சிதம் அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். பையன் எதை வரச் சொல்கிறான் என்று இருவருக்கும் புரிந்தது.

தலைத்திவசத்துக்குக் கொஞ்சம் முன்பு, கன்னியப்பனின் மனைவி கொளஞ்சி ஸ்டூடியோவுக்கு வந்தாள். அந்தப் படம் அவள் கையில் இருந்தது.

"அவுரு படம் வேற எதுவும் இல்லண்ணா. இதுல மூஞ்ச மட்டும் தெளிய வெச்சிக் குடுங்க. சாமி கும்புட வேணும்."

"அதுல மூஞ்சி இல்லம்மா."

"கை இருக்குதே. கை இருந்தா மூஞ்சும் இருக்குந்தான?"

அவளிடம் அன்றுதான் முதன்முதலாக உண்மையைச் சொன்னான். மேகம் இல்லை, வளையம், சின்னக் கண்ணாடியைப் பெரிய லென்ஸில் மாட்டினது, தன் தப்பு. பேசிக்கொண்டே போனான். கொளஞ்சி எல்லாவற்றையும் கேட்டாள். "ஓ" என்றாள். படத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள். "அப்ப பாலகுரு எதுக்குண்ணா மூட்ட தூக்கறான்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாசி மறுபடி வந்தது. தெய்வசிகாமணி நாட்டார் முன்னால் போய் நின்று, ஊர் கூட்டி, தன் தப்பைச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. அன்றைக்கு மேகம் என்றாய், இன்றைக்கு வளையம் என்கிறாய், மச்சானைக் காப்பாற்ற இன்னும் எதை எதையோ சொல்வாய் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

"அதே கேமரா, அதே வளையம், அதே எடம். கன்னியப்பன் நின்ன எடத்துல நான் நிக்கிறேன். பாலகுரு எடம் காலியா இருக்கட்டும். என் மூஞ்சியும் கரியா வரும். நான் போயிடறேனான்னு பாருங்க."

நாட்டார் சரி என்று தலையசைத்தார்.

நடுவில் நின்ற ஏழு பேரும் வேண்டாவெறுப்பாக வந்து பழையபடி நின்றார்கள். தெய்வசிகாமணி எல்லாவற்றையும் சரிசெய்து, துவாரத்தையும் அன்றைக்குப் போலவே சின்னதாக்கிவிட்டு, இடது கோடியில் போய் நின்றான். மூடியைக் கழற்றி மாட்டத் தணிகாசலம். ஆடாமல் நேராகப் பார்க்கவேண்டும் என்று எல்லோருக்கும் கட்டளை போட்டவன், தானும் நேராகத்தான் பார்த்தான். வெயில் சுள்ளென்று இருந்தது. தணிகாசலத்தின் கை மூடிக்குப் போய் ஒரு கணம் நின்றது. அவன் எதையோ பார்த்தான். பிறகு மூடியைக் கழற்றி மாட்டினான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தெய்வசிகாமணி அதைப் பொருட்படுத்தவில்லை.

ஸ்டூடியோவுக்கு வந்து, பிளேட்டைக் கழுவி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பிளேட்டில் எல்லாம் எதிர்மாறாகத் தெரியும்; இருட்டெல்லாம் வெற்றுக் கண்ணாடியாக இருக்கும். நான்கு மூலையும் வெற்றுக் கண்ணாடி. ஒரு மூலையில் தன் கை மட்டும் இருந்தது, முகம் இல்லை. சரி என்று மூச்சு விட்டவன் மறு மூலையைப் பார்த்தான். அங்கே மணல் மட்டும் இருக்கவேண்டும். ஒரு கை இருந்தது. முந்தானையை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும் கை. பதினாலு வருஷமாக அவன் பார்த்துக்கொண்டிருக்கும் கை.

பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

ரஞ்சிதம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நீ எதுக்கு அங்க போய் நின்ன?" என்று கேட்டான்.

"அந்தப் பக்கம் காலியா இருந்தா அந்த நெழலு பழைய ஆளத்தான தேடிக்கினு போவும்? என் தம்பி எடத்துல நான் நின்னேன்."

"அது ஒண்ணும் தேடாது. அது வெறும் பித்தள வளையம்."

"வெறும் வளையந்தான? அப்ப நான் நின்னா இன்னா?"

பிளேட்டை உடைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். உடைத்தால் ஊருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, பாலகுரு சாராயக் கடையிலேயே கிடப்பான். மூலையை வெட்டிவிட்டு அச்சிட்டால் அதையும் கேட்பார்கள். அங்கே அவள் நின்றதைத்தான் ஊரே பார்த்திருக்கிறதே. மனைவியைக் கரிக்குள் வைத்தே அச்சிட்டு, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். நாட்டார் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இரண்டிலும் அதே மூலை, அதே கரி.

"வளையந்தான் போலக்கீது" என்றார்.

நாலாம் நாள் பாலகுரு படகில் போனான். சாயங்காலம் நெல்லித்தோப்புக்கு வஞ்சிரம் வந்தது. பையன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான், ரஞ்சிதம் அழுதாள். தெய்வசிகாமணி சாப்பிட்டான், ஆனால் ருசி தெரியவில்லை. படம் எடுத்து எத்தனை நாள் என்று அவன் மனம் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

தனக்கு ஏதாவது ஆகும் என்று அவன் பயப்படவே இல்லை, அதுதான் வேடிக்கை. அவள் தும்மினால் நிமிர்ந்து பார்த்தான். கிணற்றடிக்குப் போகாதே, குழாயிலேயே தண்ணீர் பிடி என்றான். பதினைந்தாம் நாளுக்குமேல் ஸ்டூடியோவில் வேலை ஓடவில்லை.

இருபத்திரண்டாம் நாள் கடையைத் திறக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். பத்து மணிக்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். பத்தரை ஆயிற்று, வரவில்லை. தெருவில் யாரோ ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதம் வரிசையில் ஏழாவதாக, இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றிருந்தாள்.

மூச்சு வாங்க வந்து நின்ற புருஷனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். அவளுக்கும் நாள் கணக்குத் தெரிந்திருந்தது.

"வெறும் வளையம்னு சொன்னீங்களே" என்றாள் மெதுவாக.

மேகம் என்று பொய் சொன்ன அன்றைக்கு அவனுக்கு நாக்குக் குழறவில்லை.

"வளையந்தான்" என்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவனுக்கு இரண்டு தரம் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.