பெரியத்தா வாங்கித் தராத பம்பரம்

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் கை மஞ்சள். திண்டுக்கல் தோல் ஷாப்பில், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டுப் பதமாக்குகிறவர்கள். அதனால் என்னைப் பெற்ற அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, அறுபது வயதுக்குமேல் உடம்பெல்லாம் மஞ்சளித்தபோது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பட்டைச் சாயம் என்று அவரும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுக்காரி நான்தான் கேட்டேன்: "சாயம் கண்ணுக்குள்ளயுமா போகும்?"

வீடே திடுக்கிட்டுப் போனது.

கீழாநெல்லி கேட்கவில்லை. பித்தம் இறங்குகிற குழாயை ஏதோ ஒரு கட்டி அடைத்திருக்கும், மதுரையில் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பிழைப்பாரென்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. பெரியத்தா வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மாப்புக் கேட்டார். எல்லோரும் அழுதுகொண்டே மன்னித்தார்கள். கடைசியில் என் முன்னாலும் வந்து உட்கார்ந்தார்.

"புள்ள, எனக்கு மாப்புக் குடுத்துரு."

பொம்பளப் புள்ளைக்கு எதற்கு என்று என் பம்பரத்தைத் தோல் ஊறும் தொட்டியில் வீசியவர் அவர். விடுவேனா?

"மாட்டேன். பம்பரத்தக் குடுங்க, தாரேன்."

அத்தா கையை ஓங்கினார். பெரியத்தாதான் தடுத்தார்.

மதுரையில் திறந்து பார்த்தால் கட்டியும் இல்லை, கல்லும் இல்லை! பித்தக் குழாய் வந்து சேரும் இடத்தை ஒட்டி, சிறுகுடல் சுவரில் ஒரு பை பிதுங்கியிருந்ததாம். சாப்பாட்டுச் சக்கை அடைந்து அது ஊதி, குழாயை நெரித்திருக்கிறது. வயதானவர்களில் யாரோ ஒருத்தருக்குத்தான் இப்படி அடைக்குமாம். சர்ஜன் பித்தக் குழாயைக் குடலில் வேறோர் இடத்தில் சேர்த்துத் தைத்துவிட்டார். அத்தா தன் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி இதைச் சொன்னபோது நான் வாயைப் பிளந்தவள் மூடவில்லை. இம்புட்டுண்டு பை ஒரு முழு மனிதரை மஞ்சளாக்குமா! உள்ளே கையை விட்டு அதற்கு மாற்றுவழி செய்ய இன்னொரு மனிதரால் முடியுமா! யா அல்லா, எத்தனையோ நாள் என் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து வந்தார். கண் இரண்டும் கழுவி வைத்த பீங்கான் மாதிரி அத்தனை வெள்ளை. பயபக்தியோடு கிட்டே போனேன். ஆனாலும் கேட்டேன்.

"பம்பரம் எங்க?"

"வாங்கலையே."

"அப்ப மாப்புக் கெடையாது."

"நல்லதாப் போச்சு. நீ குடுக்குற வரைக்கும் நான் எங்கயும் போக முடியாதுல்ல?" என்று தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் பல வருடம் இருந்தார். பெருநாள் தவறாமல் எனக்குப் பட்டுப் பாவாடை, வளையல், அல்வா எல்லாம் வாங்கித் தந்தார். பம்பரம் மட்டும் வரவே இல்லை. ஓரணாப் பம்பரத்துக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.